பிள்ளைகள் கோட்டையில் இறங்கிப் பழகட்டும்: கல்விச் சுற்றுலா ஏற்பாடு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளில் ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலாவைப் பொறுப்பேற்று நடத்தும் அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், வணக்கமும் ஸலாமும்.

அடுத்த முறை கொழும்புக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது வாடகை பஸ்ஸை விட்டுவிட்டு, மட்டக்களப்பிலிருந்து புறப்படும் இரவுப் புகையிரதத்தில் அவர்களை ஏற்றுங்கள் என்றும், கொழும்பில் முதல் அரை நாளை மிருகக்காட்சிச்சாலைக்கோ விமான நிலையத்துக்கோ கொடுக்காமல் கோட்டைப் புகையிரத நிலையத்துக்கும் அதைச் சுற்றியுள்ள புறக்கோட்டைத் தெருக்களுக்கும் கொடுங்கள் என்றும் கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். நான் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். தரம் 10, 11 மாணவர்களை இவ்வாறு மூன்று முறை அழைத்துச் சென்றிருக்கிறேன். இதில் எவ்வளவு அலைச்சல் உண்டு என்பதை அறிந்தே கேட்கிறேன்.

நமது வழக்கமான சுற்றுலா எப்படி நடக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நள்ளிரவில் பாடசாலை வாசலில் பஸ் வந்து நிற்கும், தேங்காய் உடைக்கப்படும், ஓட்டமாவடி தாண்டுவதற்குள் ஒலிபெருக்கி தொடங்கிவிடும், ஹபரணையில் பாதிப் பேர் உறங்கியிருப்பார்கள், மீதிப் பேர் வாந்தி எடுத்திருப்பார்கள். கொழும்பில் ஒவ்வொரு வாசலிலும் இறக்கி, எண்ணி, உள்ளே விட்டு, மறுபடியும் எண்ணி ஏற்றுவோம். திரும்பி வந்த பிள்ளையிடம் நூதனசாலை எங்கே இருந்தது, அங்கிருந்து கடல் எந்தத் திசையில் என்று கேட்டால் பதில் வராது. பஸ் நின்ற இடங்கள்தாம் அதற்குக் கொழும்பு. அந்த இடங்களை இணைக்கும் வழி அதன் மனதில் பதிவதில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். அந்த எண்ணிக்கையில் ஒருவரும் குறையாமல் வீடு சேர்த்ததையே பெரிய சாதனையாக நினைத்தும் இருந்தேன்.

என் மனத்தை மாற்றியவர் ஒரு பழைய மாணவி. உயர்தரத்தில் புவியியலுக்கு மிகச் சிறந்த பெறுபேறு பெற்றவர். மகாவலியையும் அதன் கிளை ஆறுகளையும் பார்க்காமலே வரைவார். நேர்முகப் பரீட்சை ஒன்றுக்காக முதன்முதலாகத் தனியே கொழும்புக்குப் போனவர், விடியுமுன் கோட்டையில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும் என்று ஓட்டோக்காரர் ஒருவரிடம் கேட்க, அவர் ஏற்றிக்கொண்டு நான்கைந்து தெருக்களைச் சுற்றி, அரை நாள் கூலி அளவுக்குப் பணம் வாங்கி இறக்கிவிட்டார். இறங்கியபின் திரும்பிப் பார்த்தால், தான் புறப்பட்ட நிலையத்தின் கூரை அங்கிருந்தே தெரிந்ததாம். பின்னாளில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு உலகப் படத்தைக் கற்பித்த நான், அந்தத் தெருவைக் கடக்கக் கற்பிக்கவில்லையே என்று தோன்றியது.

நம் வகுப்பறைகளில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்றைக்கோ நாளைக்கோ அந்த நிலையத்தில் தனியே இறங்கப்போகிறவர்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு, வேலைக்கு, கடவுச்சீட்டுக்கு, வெளிநாட்டுப் பயணத்துக்கு, தாய் தந்தையரை வைத்தியசாலையில் காட்டுவதற்கு என்று கக்கத்தில் ஒரு கோப்பை இடுக்கிக்கொண்டு போகப்போகிறவர்கள். அந்த முதல் இறக்கம் நண்பர்களோடும் ஆசிரியரோடும் நடந்துவிட்டால், இரண்டாவது இறக்கத்தில் பயம் பாதியாகக் குறையும்.

நம்மில் பலருக்குப் புகையிரதம் பழக்கமில்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காகக் கோச்சி மட்டக்களப்புக்கு வரவில்லை. அந்த ஆண்டுகளில் பிள்ளைகளாக இருந்தவர்கள்தாம் இன்று சுற்றுலாப் பொறுப்பாசிரியர்கள். தண்டவாளமும் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் பிள்ளைகள் கல்லடிப் பாலம் தாண்டி வந்தால்தான் அதைக் காணலாம். அவர்களுக்கு முதல் பஸ் பயணம் தவிர்க்க முடியாதது. அதனாலேயே அம்பாறை மாவட்ட ஆசிரியர்கள் இந்த யோசனையைக் கேட்டதும் தலையசைத்து மறுப்பதை நான் அறிவேன். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் இது இன்னும் தேவை; கோச்சியில் ஒருமுறையேனும் ஏறாமலே பதினாறு வயதைத் தொட்டவர்கள் அவர்களிடையே ஏராளம்.

பயணமே ஒரு பாடம். புறப்படும் முன் வகுப்பில் இலங்கைப் படத்தை விரித்து, பாதையை விரலால் தொடரச் செய்யுங்கள். ஏறாவூர், வாழைச்சேனை, புனாணை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை என்று போகும் பாதை கல்லோயாச் சந்தியில் திருகோணமலைப் பாதையைச் சந்திக்கிறது. மாகோச் சந்தியில் வடக்குப் பாதையை. பொல்காவலையில் கண்டி, பதுளைக்கு ஏறும் மலைநாட்டுப் பாதையை. றாகமையில் நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் பக்கம் போகும் பாதையை. மருதானையில் அவிசாவளைப் பாதை பிரிகிறது. கோட்டையைத் தாண்டினால் மாத்தறைக்கும், 2019 முதல் பெலியத்தைக்கும் போகும் கரையோரப் பாதை. இத்தனையையும் மனனம் செய்ய வைக்க வேண்டாம். மூன்று கேள்விகள் போதும்: திருகோணமலைக்குக் கோச்சியில் போக எங்கே மாற வேண்டும்? யாழ்ப்பாணத்துக்கு எங்கே? பதுளைக்கு எங்கே? முதல் இரண்டுக்கும் விடை எளிது, கல்லோயா, மாகோ. மூன்றாவது கேள்வியில்தான் வகுப்பு விழித்துக்கொள்ளும். செங்கலடியிலிருந்து பதுளைக்கு வீதி நேராக மலையேறிப் போகிறது. கோச்சியிலோ நாட்டின் மேற்குப் பக்கம் வரை போய், பொல்காவலையில் இறங்கி, மாறி, மறுபடியும் கிழக்கு நோக்கி மலையேற வேண்டும். ஏன் இந்தச் சுற்று என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்.

விடை கோப்பியில் இருக்கிறது. 1864 டிசம்பர் 27ஆம் தேதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடிய முதல் வண்டியும், 1867இல் கண்டியை எட்டிய பாதையும், மலைநாட்டுத் தோட்டங்களின் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதற்காகவே போடப்பட்டவை. பிறகு வந்த பாதைகளும் அதே அச்சில் வந்து விழுந்தன. மட்டக்களப்புப் பாதை 1928இல்தான் வந்தது. ஆகவே இந்தத் தீவின் புகையிரதப் படம் ஊர்களை ஊர்களோடு இணைக்கும் வலையாக அமையாமல், கொழும்பை நோக்கி ஓடும் ஆறுகளைப் போல் அமைந்துவிட்டது. கோட்டை நிலையம் அந்த ஆறுகளின் முகத்துவாரம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு ஏற்றினால், சாளரத்துக்கு வெளியே இருட்டாக இருந்தாலும் வண்டி நிற்கும் ஒவ்வொரு சந்தியிலும் ஒரு தலை எழுந்து பெயர்ப் பலகையைப் பார்க்கும். மட்டக்களப்பு இரவு வண்டியை ‘மீனகயா’ என்று அழைக்கிறார்கள். நம் வாவியின் மீன் அந்தப் பெயரிலேயே இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், சிறுவர்களுக்கு அதிலும் ஒரு பெருமை.

மன்னம்பிட்டிப் பாலத்தைப் பகலில் பார்ப்பதற்காகவே திரும்பும் பயணத்தை ‘உதயதேவி’ என்னும் பகல் வண்டியில் வைத்துக்கொள்ளலாம். எங்கள் இளமையில் மகாவலியை வாகனமும் கோச்சியும் அந்த ஒரே இரும்புப் பாலத்தால்தான் கடந்தன. கோச்சி போகும்வரை பஸ் காத்து நிற்கும். 2007இல் வாகனங்களுக்குத் தனிப்பாலம் வந்தது. ஓர் இரவு கொழும்பில் தங்க வேண்டும் என்பதால் செலவு கூடும். முடியாவிட்டால் இரவு வண்டியிலேயே திரும்புங்கள்.

இனி நிலையத்துக்கு வருகிறேன். கோட்டை நிலையம் 1917இல் திறக்கப்பட்டது. அங்கே இறங்கியவுடன் பிள்ளைகளை வெளியே விரட்ட வேண்டாம். முகம் கழுவி, தேநீர் குடித்து, மேடையில் ஓர் ஓரமாக உட்கார வையுங்கள். வானம் வெளுக்கும்போது புறநகர் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மக்களைக் கொட்டத் தொடங்கும். மட்டக்களப்பு நிலையத்தில் ஒரு வண்டி வருவதும் போவதும் ஒரு நிகழ்ச்சி. இங்கே அதைக் கண்ணெடுத்தும் பார்ப்பார் இல்லை. ஒரு மணி நேரம் எந்த மேடைக்கு எந்த ஊர் வண்டி வருகிறது, எங்கே போகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். அறிவிப்பு மூன்று மொழிகளில் வரும். இரைச்சலில் தமிழ் வாசகத்தைப் பிடித்துக் கேட்பதற்கே ஒரு காது வேண்டும், அந்தக் காது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். அறிவிப்பில் மேடை இலக்கம் கடைசி நேரத்தில் மாறுவதும் உண்டு, அப்போது கூட்டம் முழுவதும் மேம்பாலத்தை நோக்கி ஓடுவதும் உண்டு. அதையும் பார்க்கட்டும். தண்டவாளத்தில் குதித்துக் கடக்கும் பெரியவர்களையும் காண்பார்கள். அதைச் செய்யக்கூடாது என்று அந்த இடத்திலேயே சொல்வதற்கு நாம் அங்கே இருக்கிறோம்.

மொழி பற்றி ஒரு சொல். நம் பிள்ளைகளின் அச்சத்தில் பாதி சிங்களம் தெரியாத அச்சம். தமிழ் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் முதல் இந்த நாட்டின் அரசகரும மொழி. நிலையத்தில் தமிழில் கேட்பது யாசகம் அன்று, உரிமை. அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதோடு நாலு சிங்களச் சொல்லையும் சொல்லிக் கொடுக்கலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று பகையில்லை. புகையிரதத்தைச் சிங்களத்தில் ‘தும்ரிய’ என்பார்கள். ‘தும்’ என்றால் புகை, ‘ரிய’ என்றால் ரதம். மேடை ‘வேதிகாவ’, நம் பழைய நூல்களில் வரும் வேதிகையேதான் அது. பேச்சிலோ நமக்குக் கோச்சி, அவர்களுக்குக் கோச்சிய. இதைக் கேட்டதும் என் மாணவர்கள் இருவர் சிங்களம் அவ்வளவு தூரம் இல்லைப்போல என்று சொல்லி, தாமே போய் ஒரு சுமைக்காரரிடம் நேரம் கேட்டு வந்தார்கள். அவர் தமிழில் பதில் சொன்னாராம். மலைநாட்டுக்காரர்.

நிலையத்தின் பெயரிலேயே அடுத்த பாடம் இருக்கிறது. பெயர்ப் பலகை கோட்டை என்கிறது, கோட்டையைக் காணோம். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் வலுப்படுத்திய கொழும்புக் கோட்டையின் மதில்களை ஆங்கிலேயர் 1869இல் இடிக்கத் தொடங்கினார்கள். நிலையம் நிற்கும் இடம் அந்த மதிலுக்கு வெளியே, அதாவது புறக்கோட்டையின் ஓரத்தில். ஆங்கிலத்தில் இந்தப் பகுதியை ‘பெட்டா’ என்று அழைப்பதும் நம் பேட்டை என்ற சொல்லே. 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை நம் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் இன்றும் நிற்கிறது. நெடுங்காலம் மாவட்டச் செயலகமான கச்சேரியே அதற்குள் இயங்கியது. கோட்டையுள்ள ஊரிலிருந்து கோட்டையில்லாத கோட்டைக்கு வந்திருக்கிறோம் என்று ஒரு மாணவன் சொன்னான். அதற்குமேல் நான் விளக்கவில்லை.

பொதிகளை நிலையத்தின் பொதி காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டு வெளியே வாருங்கள். எதிரே ஒல்கொட் மாவத்தை. அதைக் கடப்பதுதான் அன்றைய நாளின் மிகக் கடினமான வேலை, ஆகவே மஞ்சள் கடவையில் மட்டும், பத்துப் பத்துப் பேராக. நிலையத்தின் முன்னே நிற்கும் சிலை கேணல் ஒல்கொட்டுடையது. 1880இல் இந்த நாட்டுக்கு வந்து பௌத்த பாடசாலைகள் எழக் காரணமான அமெரிக்கர். மிஷன் பாடசாலைகளாலும் இராமகிருஷ்ண மிஷனாலும் கல்வி வளர்ந்த மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு இந்த ஒப்பீடு உடனே விளங்கும்.

ஒல்கொட் மாவத்தையிலேயே இருந்த மெனிங் சந்தையைப் பற்றியும் சொல்லுங்கள். மரக்கறி மொத்த வியாபாரம் இப்போது பேலியகொடைக்குப் போய்விட்டது. ஆனால் அந்தப் பெயர் தேசாதிபதி மெனிங்குடையது. அவருடைய மனைவியின் பெயர்தான் நம் கல்லடியின் பழைய பாலத்துக்கு.

மலிபன் வீதியைத் தாண்டினால் பிரின்ஸ் வீதி. அங்கே தூண்கள் வரிசையாக நிற்கும் ஒல்லாந்தர் கால வீடு ஒன்று நூதனசாலையாக இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டு, ஒல்லாந்த ஆளுநர் ஒருவரின் வாசஸ்தலமாகவும், பின்னர் தபாற்கந்தோராகவும் இருந்த கட்டடம். திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பூட்டியிருந்தாலும் வெளியே நின்று தூணின் பருமனைப் பார்ப்பதே போதும். அதற்கு அப்பால் கெய்சர் வீதி, பிரதான வீதி. இங்கிருந்து குறுக்குத் தெருக்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டுச் செல்கின்றன. முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாரப் பொருட்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் துணிமணிகள். நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயம், பருப்பு, சீனி, செத்தல் மிளகாய். வானொலியிலும் பத்திரிகையிலும் மொத்த விலை என்று கேட்கிறோமே, அந்த விலை பிறப்பது இங்கே. ஏறாவூரிலும் களுவாஞ்சிகுடியிலும் கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள், தங்கள் தந்தையர் தொலைபேசியில் சொல்லும் தெருப் பெயர்களை இங்கே பலகையில் கண்டு அடையாளம் சொல்வார்கள். அந்த நேரத்தில் வகுப்பில் கடைசி வாங்கில் உட்காரும் பிள்ளை வழிகாட்டியாகிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். மூட்டை ஏற்றிய கைவண்டியைத் தள்ளிவரும் நாட்டாமைகளுக்கு எப்போதும் வழி விட வேண்டும். அந்தத் தெருவில் அவர்களே முதல் உரிமையாளர்கள், நாம் பார்வையாளர்கள்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையும் வரியிட்ட பள்ளிவாசலைப் பார்க்காமல் எவரும் திரும்புவதில்லை. ஜாமிஉல் அல்ஃபார் என்பது பெயர். புறக்கோட்டைத் தமிழில் சம்மாங்கோட்டுப் பள்ளி. 1908இல் தொடங்கி மறு ஆண்டில் முடிந்த கட்டடம். தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. வரைந்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. மாதுளம்பழ வடிவக் கும்மட்டங்கள் அதற்கு. தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி பெற்று, தலை மறைத்து உள்ளே போகலாம். காத்தான்குடிப் பிள்ளைகளும் ஆரையம்பதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று அதன் படியில் செருப்புக் கழற்றும் காட்சிக்காக மட்டுமே இந்தச் சுற்றுலாவை இரு பாடசாலைகள் சேர்ந்து நடத்தலாம் என்று எனக்குத் தோன்றும். இது என் சொந்த ஆசை, நிபந்தனையன்று.

பிரதான வீதியின் கிழக்கு முனையை நெருங்கும்போது கபோஸ் லேனுக்குள் ஒருமுறை நுழைந்து வாருங்கள். தமிழ் மருந்து, சிங்கள மருந்துச் சரக்குக் கடைகள் நிறைந்த ஒடுங்கிய ஒழுங்கை. கடுக்காய், திப்பிலி, அதிமதுரம், வசம்பு என்று சாக்குகளில் திறந்திருக்கும். படங்காட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வாசனையிலேயே வசம்பைப் பிடித்து, எங்கள் அம்மம்மா தம்பிக்கு உரைத்துக் கொடுப்பா என்று சொன்ன பிள்ளை உண்டு. அதற்குச் சற்றுத் தள்ளிக் ‘கேமன்ஸ் கேட்’ என்னும் இடத்தில் பழைய மணித்தூண் ஒன்று நிற்கிறது. கேமன் என்றால் முதலை. ஒல்லாந்தர் காலத்தில் கோட்டையைச் சூழ்ந்த நீரில் முதலைகள் இருந்ததால் வந்த பெயர். மட்டக்களப்பு வாவியைக் கடந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலை புதிதல்ல. கொழும்பிலும் இருந்ததா என்பதுதான் புதிது. எதிரே 1873இல் கட்டிய பழைய நகர மண்டபம்.

அங்கிருந்து செட்டியார் தெரு. பொன் நகைக் கடைகளின் கண்ணாடிகளைவிட நான் அங்கே காட்ட விரும்புவது பழைய, புதிய கதிரேசன் கோவில்களை. ஆடிவேல் விழாவில் வேல் தாங்கிய தேர் இங்கிருந்தே பம்பலப்பிட்டி நோக்கிப் புறப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொள்ளைநோய்க்கு அஞ்சி அரசு கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்தியபோது, போக முடியாத கொழும்பு அடியார்கள் நகரத்துக்குள்ளேயே எடுத்த விழா அது. அதே ஆடியில் நம் ஊர்களிலிருந்து பொத்துவில், உகந்தை, குமண காட்டு வழியாகக் கால்நடையாய்க் கதிர்காமம் போகிறார்கள் அல்லவா? காட்டு வழி நமக்கு, தேர் வழி அவர்களுக்கு. போய்ச் சேரும் முருகன் ஒருவனே. இதை வகுப்பில் சொன்னால் ஒரு தகவல். அந்தக் கோவில் வாசலில் சொன்னபோது, ஆண்டுதோறும் பாதயாத்திரை போகும் குடும்பத்துப் பையன் ஒருவன் சிறிது நேரம் பேசாமல் நின்றான்.

களைத்திருப்பார்கள். பிரதான வீதியாலேயே மேற்கே திரும்பி வந்தால், பார்சிக் குடும்பமொன்று 1923இல் எழுப்பிய கான் மணிக்கூட்டுக் கோபுரத்தில் புறக்கோட்டை முடிந்து, கோட்டைப் பகுதி தொடங்கும். அங்கே பார்க்க ஒன்று போதும்: 1857இல் கட்டப்பட்டு, மணிக்கூட்டுக் கோபுரமாகவும் கலங்கரை விளக்கமாகவும் ஒருங்கே பயன்பட்ட கட்டடம் இன்று உயர்ந்த கட்டடங்களின் நடுவே மறைந்து நிற்பது. மிச்சத்தை விட்டுவிடுங்கள். நிலையத்துக்குத் திரும்பி உணவு உண்ணச் சொல்லுங்கள்.

பிற்பகலுக்கு ஒரு சிறு பயணம் வைத்திருக்கிறேன், இதை நான் மிக வற்புறுத்திச் சொல்கிறேன். கரையோர வண்டியில் வெள்ளவத்தை வரை. ஆனால் பயணச்சீட்டை ஆசிரியர் மொத்தமாக வாங்கக் கூடாது. எந்தச் சாளரத்தில் அந்தப் பாதைக்குரிய சீட்டுக் கொடுக்கிறார்கள் என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்து, வரிசையில் நின்று, போகும் இடத்தைச் சொல்லி, காசு கொடுத்து, மிச்சத்தை எண்ணி வாங்க வேண்டும். முதல் முறை நாங்கள் முப்பத்தைந்து பேர். பத்தாவது பிள்ளை வரும்போது சாளரத்துக்குள் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, இன்னும் எத்தனை பேர் என்று கேட்டார். பின்னால் நின்ற என்னைக் காட்டினார்கள். விஷயத்தைச் சொன்னேன். அதன் பிறகு வந்த ஒவ்வொரு பிள்ளையையும் ‘எங்கே போகிறீர்கள்’ என்று அவர் தமிழிலேயே கேட்டார். கூச்சத்தில் ஒருவருக்கும் குரல் எழாதிருந்த வரிசையில், கடைசிப் பிள்ளைகள் உரக்கவே ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். அந்தச் சீட்டை வெளியேறும் வாசலில் கையளிக்க வேண்டும் என்பதால், தொலைக்காமல் வைத்திருப்பதும் ஒரு பயிற்சி.

அந்தப் பாதையில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையில் கருங்கல் அணை மட்டுமே. நம் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் சூரியன் உதிக்கும் இடம். கல்லடியிலும் பாசிக்குடாவிலும் அப்படித்தான் கண்டிருக்கிறார்கள். இங்கே சூரியன் கடலுக்குள் போகிறது. சிலருக்கு அது உண்மையாகவே வியப்பு. காற்றையும் அங்கேதான் கற்பிக்க வேண்டும். மேயில் தொடங்கும் தென்மேல் பருவக்காற்று இந்தக் கரையில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி, ஈரமிழந்து, நம்மிடம் வந்து சேரும்போது அதற்குப் பெயர் கச்சான். இலை கருக வீசும் அந்தக் கச்சானைக் குடிநீர்க் கிணறு வற்றுவதோடு சேர்த்து அறிந்த பிள்ளை, அதன் ஈரம் எங்கே விழுந்தது என்பதை அன்று தன் கண்ணால் காணும். மார்கழியில் நமக்கு வாடை கொண்டுவரும் வெள்ளம் இங்கே இல்லை என்பதும் அப்போது விளங்கும்.

உங்கள் மறுப்புகளை நான் அறிவேன். முதலாவது, நாற்பது ஆசனம் கிடைக்குமா என்பது. விடுமுறை, தைப்பொங்கல், பெருநாள், புத்தாண்டுக் காலங்களில் கிடைக்காது; அந்த நாட்களைத் தொடவே வேண்டாம். மற்ற நாட்களில் வெகு முன்னரே நிலைய அதிபரை நேரில் கண்டு பேசினால் வழி பிறக்கும், எனக்கு மூன்று முறையும் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமி விடுமுறையான போயா நாளும் புறக்கோட்டைக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மா. ஆகவே செவ்வாய், புதன், வியாழன். இரண்டாவது, பெண் பிள்ளைகள். மலசலகூடம்தான் உண்மையான சிக்கல், அதை மூடி மறைக்க மாட்டேன். வண்டியில் உள்ளதும் நிலையத்தில் உள்ளதும் நாம் விரும்பும் தரத்தில் இருப்பதில்லை. கொழும்பில் உள்ள பாடசாலை ஒன்றுடனோ கோவில், பள்ளிவாசல், தேவாலய மண்டபம் ஒன்றுடனோ முன்கூட்டியே பேசி, காலையில் குளித்து உடைமாற்ற இடம் ஏற்பாடு செய்த பிறகே நான் பெற்றோரிடம் ஒப்பம் கேட்டேன். போதிய பெண் ஆசிரியர்கள் வராத பயணத்தை நான் நடத்தியதில்லை. நீங்களும் நடத்த வேண்டாம்.

மூன்றாவது மறுப்பைச் சபையில் எவரும் சொல்வதில்லை, ஆனால் அதுவே பெரியது: காணாமல் போய்விட்டால்? பஸ்ஸில் இருந்தால் கதவைப் பூட்டலாம். இதற்கு என்னிடம் உள்ள பதில், ஏழு பேர் கொண்ட குழுக்களும், ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் பொறுப்பாசிரியரின் தொலைபேசி இலக்கம் எழுதிய தாளும், எவர் பிரிந்தாலும் நிலையத்தின் முன் வாயிலுக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும் என்ற ஒரே விதியும்தான். இரண்டாவது பயணத்தில் ஒருவன் பிரிந்தான். கெய்சர் வீதியில் கைக்கடிகாரம் பார்த்து நின்றுவிட்டான். இருபது நிமிடம் என் நெஞ்சு என்னிடம் இல்லை. நாங்கள் ஓடிவந்து பார்த்தபோது, விதிப்படி முன் வாயிலில் நின்று மாங்காய் தின்றுகொண்டிருந்தான். எப்படி வந்தாய் என்று கேட்டதற்கு, சிவப்புப் பள்ளி பின்னால் இருந்தால் நிலையம் முன்னால் என்று நீங்கள்தானே சேர் சொன்னீர்கள் என்றான்.

வலயக் கல்விப் பணிமனையின் அனுமதிக்கான விண்ணப்பத்தில் ‘பயண ஊடகம்’ என்ற இடத்தில் புகையிரதம் என்று எழுதியபோது அங்கிருந்தவர்கள் இரண்டு முறை கேட்டார்கள், அவ்வளவுதான், தடுக்கவில்லை. நான் நடந்த வழியைக் கடவைகள், நிழல் உள்ள இடங்கள், குடிநீர் கிடைக்கும் இடங்கள், மலசலகூடங்கள் ஆகியவற்றோடு கையால் வரைந்து வைத்திருக்கிறேன். சில கடைகள் மாறியிருக்கலாம், தெருக்கள் மாறவில்லை. கேட்கும் பாடசாலைக்குப் பிரதி தருவேன். முழங்கால் இடம் கொடுத்தால் கூடவும் வருவேன். மேம்பாலப் படியில் மட்டும் சற்று மெதுவாக ஏறுவேன், பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.